ஒட்டி ஒட்டிக் கட்டிய ஊர்

இன்று காலை நம் மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். நீ விட்டுப்போன லேப்டாப்பைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டாள். "அதை வச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க, அத்தா?" என்றாள். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அலமாரியிலிருந்து எடுத்து மூடியைத் திறந்ததும் கிராம்பு வாசனை வந்தது. பல்வலிக்காக நீ எந்நேரமும் வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டிருப்பாய். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்த வாசனை இன்னும் எழுத்துப் பொத்தான்களுக்குள் எங்கோ இருக்கிறது.

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. தருமபுரியில் அந்தச் சந்து வீட்டில் இருந்தவரை எழுதத் தேவையும் இருக்கவில்லை. நீ சமையற்கட்டில் பேசினால் பக்கத்து வீட்டு மும்தாஜ் அங்கிருந்தே பதில் சொல்வாள். எனக்குத்தான் அந்த நெரிசல் பிடிக்கவில்லை. நல்லம்பள்ளிக்கு வெளியே லேஅவுட் போட்டபோது முதல் ஆளாக மனை வாங்கி, முதல் ஆளாக வீடும் கட்டினேன். நாலு பக்கமும் ஜன்னல். எல்லா ஜன்னலுக்கும் என் பட்டறையிலேயே அடித்த கிரில். குடிவந்த அன்று நீ மொட்டை மாடியில் ஏறி நின்று சுற்றிலும் பார்த்தாய். சுண்ணாம்பு அடித்த எல்லைக்கல்லும் காய்ந்த புல்லும்தான் தெரிந்தன.

"இங்க பள்ளிவாசல் பாங்கு சத்தம் கேக்காதுங்களா?" என்றாய்.

"போன்ல ஆப் இருக்குது," என்றேன்.

அந்த வருஷ நோன்பில் நீ பழக்கத்தில் பெரிய குண்டானில் கஞ்சி காய்ச்சிவிட்டாய். சந்தில் என்றால் அது பத்து வீட்டுக்குப் போயிருக்கும். நாம் இருவரும் ஆளுக்கு இரண்டு கிண்ணம் குடித்தோம். மீதியை மறுநாள் நீ செடிக்கு ஊற்றியதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பினேன்.

பக்ரீத் விடுமுறைக்கு வந்த மகள்தான் தன் பழைய லேப்டாப்பை உனக்குக் கொடுத்து, அந்த விளையாட்டையும் போட்டுக் கற்றுக்கொடுத்தாள். நாற்பத்தெட்டு வயதில் கேமா என்று நான் சிரித்தேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. பட்டறையிலிருந்து நான் வந்ததும் சோற்றைப் போட்டுவிட்டு எனக்குக் கதை சொல்ல ஆரம்பிப்பாய்.

"வைக்கிங்குன்னு ஒரு கூட்டங்க. கப்பல்ல வந்து ஆளே இல்லாத கரையில எறங்குறாங்க. அஞ்சே குடும்பம். மரம் வெட்டி வூடு கட்டணும், பனி கொட்டறதுக்குள்ள வெறகு சேக்கணும்."

"அவங்க ஊர்ல இருக்க வேண்டியதுதானே?"

"தலைவருக்கு எடம் புடிச்சுப்போச்சு. மத்தவங்க வந்துதானே ஆவணும்."

நான் அதற்கும் சிரித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பெரிய பச்சைச் சமவெளி, ஒரு பக்கம் கடல். அத்தனை இடத்தையும் விட்டுவிட்டு ஒரு மூலையில் வாசலுக்கு வாசல் பார்த்தபடி வீடுகளை நெருக்கி வைத்திருந்தாய்.

"இவ்ளோ எடம் கெடக்குது, எதுக்கு இப்படி ஒட்டி ஒட்டிக் கட்டற?"

"தள்ளித் தள்ளிக் கட்டுனா குளிர்லயே செத்துப்போயிடுவாங்க," என்றாய், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அதை விளையாட்டின் விதி என்றே எடுத்துக்கொண்டேன்.

இரண்டு முறை நேராகவே கேட்டாய். சந்தில் ஒரு வீடு வாடகைக்கு வருகிறதாம், போய்விடலாமா என்று. "இன்னும் ஒரு வருசம் பொறு. தார் ரோடு போட்டா எல்லாரும் கட்ட வந்துருவாங்க," என்றேன். இரண்டாவது முறை நீ தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய்.

அந்தப் புதன்கிழமை நான் ஒன்பது மணிக்கே பட்டறைக்குக் கிளம்பிவிட்டேன். பதினொன்றரைக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர் வந்து கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லாமல் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். சமையற்கட்டு வாசலில் விழுந்து கிடந்தாய். மாரடைப்பு. டாக்டர், "கொஞ்சம் முன்னாடியே யாராச்சும் பார்த்திருந்தா" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சந்துப் பெண்கள் வேன் பிடித்து வந்தார்கள். மும்தாஜ் வாசலில் இறங்கி, சுற்றியிருந்த வெறும் மனைகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "வாரேன் வாரேன்னு போன்லயே சொல்லிட்டு இருந்தேங்கண்ணா. இங்க எப்படி இருந்தா?" என்று கேட்டாள்.

நாற்பதாம் நாள் முடிந்து மகள் கிளம்பிப் போனாள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் உன் விளையாட்டைத் திறந்தேன். ஆட்கள் உன் ஊரில் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தியின் மேல் அம்புக்குறியை வைத்ததும் 'மும்தாஜ்' என்று வந்தது. அடுத்தவள் சரோஜா. மீன் காயப்போட்டவள் ஸ்டெல்லா. நீ வைத்த பெயர்களில் நம் சந்து முழுக்க அங்கே இருந்தது. என் பெயரும் இருக்கிறதா என்று ஒவ்வொருவராகத் தேடினேன். இருந்தது. எனக்குக் கொல்லன் வேலை கொடுத்திருந்தாய். என் பட்டறையை உன் வீட்டுக்கு நேர் எதிரில் வைத்திருந்தாய்.

எனக்கு ஆடத் தெரியவில்லை. விறகு சேர்க்காமல் விட்டுவிட்டேன். பனி கொட்டியது. பெயர்கள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாகின. சரோஜா போனாள், ஸ்டெல்லா போனாள். மகளுக்குப் போன் செய்தேன்.

"பயப்படாதீங்க அத்தா. அம்மா அப்பப்ப சேவ் பண்ணி வச்சிருக்கும். பழசுக்குப் போயிடலாம்."

"எதுவரைக்கும் போலாம்?"

அவள் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மெதுவாகச் சொன்னாள்.

ஒரு பட்டியல் வந்தது. நீ சேமித்த ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் பதிவாகியிருந்தன. காலை பத்தே கால். பன்னிரண்டு. இரண்டு நாற்பது. நாலரை. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும். வெள்ளிக்கிழமைகளைத் தேடிப் பார்த்தேன். ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட வந்துவிடுகிறேன் என்று நான் வாரம் தவறாமல் சொல்லுவேன். பாதி வாரங்களில் தருமபுரியிலேயே நண்பர்களோடு சாப்பிட்டுவிடுவேன். அந்த வெள்ளிகளில் ஒன்றரைக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று இருந்தது. மேலே தள்ளிக்கொண்டே போனேன். உன் பகல்களை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அநேகமாக எல்லாமே நான் வீட்டில் இல்லாத நேரங்கள்.

பனிக்கு முந்தைய ஒன்றைத் திறந்தேன். எல்லோரும் திரும்ப நடக்கத் தொடங்கினார்கள். அதற்குமேல் ஆட மனம் வரவில்லை, மூடி வைத்துவிட்டேன்.

மகளிடம் இன்று மத்தியானமே சொல்லிவிட்டேன், அது இங்கேயே இருக்கட்டும் என்று. சரி என்றாள்.

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும். கிரில் அளவு கொடுக்க வருகிறவர்களிடம் இப்போதெல்லாம், பக்கத்தில் வீடு இருக்கிறதா என்று கேட்கிறேன். அங்கேயும் ஆர்டர் பிடிக்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்துப் பக்கத்து வீட்டு நம்பர் தருகிறார்கள். போன வாரம் பென்னாகரம் ரோட்டிலிருந்து ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும்.

"சுத்திலும் யாருமே இல்லீங்க. பொண்டாட்டி பகல்ல தனியா இருக்கும். அதான் கம்பி நெருக்கமா வேணும்."

அவரை உட்காரவைத்து டீ சொன்னேன். வெளியாள் ஒருவரிடம் உன்னைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. தண்ணீர் கேன்காரர் வந்தது வரைக்கும் சொன்னேன். டீ ஆறிவிட்டது. அளவு எழுதிய சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வூட்ல கேட்டுட்டு வர்றேங்க," என்று எழுந்தார்.

இன்னும் அவர் வரவில்லை. வந்தால், கம்பியை நெருக்கிப் போட்டுக்கொண்டு அங்கேயே இருக்கப் போகிறார் என்று அர்த்தம். பட்டறை வாசலில் வண்டி நிற்கிற ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன், அவராக இருக்கக் கூடாது என்று.