சட்டைக்குள் வந்த மாத்திரை

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், நலம். இந்த ஒரு வரியை முதலில் படித்து, மூச்சு விட்டுக்கொண்டு மீதியைப் படியுங்கள். அங்கே எல்லோரும் சுகம்தானே? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் ஓர் அறையில் பேசினால் அடுத்த அறைக்குக் கேட்கும். அதனால் பள்ளிக்கூட அலுவலகத்தில், மதிய இடைவேளையில், வருகைப் பதிவேடுகளை ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கோபமாகக் கேட்டீர்கள். "நாலு நாள் படுக்க வச்சிருக்காங்க, ஒரு ஆன்டிபயாடிக் கூடவா குடுக்கல? இதயம் மாத்தின மனுஷன இப்படியா பாப்பாங்க?" என்று. அவர் பக்கத்தில் இருந்ததால் வெறுமனே 'ம்' கொட்டினேன். பதிலை இப்போது சொல்கிறேன்.

போன மாதம் நீங்கள் அனுப்பிய நீலக் கட்டச் சட்டையைப் பிரித்தது நான்தான். மடிப்புக்குள் இரண்டு அட்டை மாத்திரையும் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தன. "எனக்கு நெஞ்சுச் சளிக்குக் குடுத்தது, மூணே நாள்ல கேட்டுச்சு. அவனுக்கு இருமல் வந்தா உடனே குடு. ஆஸ்பத்திரிக்காரங்க யோசிச்சுக்கிட்டே இருப்பாங்க" என்று எழுதியிருந்தீர்கள். படித்தபோது மனசு நிறைந்துவிட்டது அண்ணி. ஆபரேஷன் முடிந்த இந்தப் பதினான்கு மாதத்தில், என் அளவுக்குப் பயப்பட இன்னோர் ஆள் இருக்கிறார் என்று தோன்றியது. அட்டைகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, சட்டையை மட்டும் அவரிடம் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவருக்கு மூக்கு ஒழுகல், தொண்டை வலி, இருமல். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். "நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, டெஸ்ட் எடுத்துப் பாப்போம். அதுவரைக்கும் நீங்களா எதுவும் குடுக்காதீங்க" என்றார் நர்ஸ். உங்கள் தம்பியா போவார்? "சளிக்கெல்லாம் போனா, வார்டுல என் பேருக்கு ஒரு கட்டில எழுதி வச்சிருவாங்க" என்று சிரித்தார். உண்மையைச் சொன்னால், அந்த வார்டுக்குள் மறுபடி நுழைய எனக்கும் துணிவில்லை. வாரம் முழுக்க மாத்திரை பிரித்து வைக்கும் அவருடைய டப்பாவில், காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று நீங்கள் அனுப்பியதைப் போட்டுவிட்டேன். பதினேழு விழுங்குகிறவருக்கு இரண்டு கூடினால் தெரியவா போகிறது? தெரியவில்லை.

நான்காம் நாள் காலை, இவர் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடை முதலாளி போன் செய்தார். மூக்குக் கண்ணாடியின் காலில் மாட்டுகிற எள்ளளவு திருகாணி இவர் கையிலிருந்து மூன்று முறை விழுந்துவிட்டதாம். நான் போய்ப் பார்த்தபோது பத்து விரலும் நடுங்கிக்கொண்டிருந்தன. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். புது இதயத்தை உடம்பு விரட்டாமல் இருக்கத் தினமும் ஒரு மருந்து சாப்பிடுகிறாரே, அது ரத்தத்தில் மூன்று மடங்கு ஏறியிருந்தது. சிறுநீரகம் அடி வாங்கியிருந்தது. புதிதாக ஏதாவது சாப்பிட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். "என் வீட்டுக்காரி டப்பாவுக்கு வெளிய ஒரு துளி தர மாட்டா டாக்டர்" என்றார் இவர், அத்தனை உறுதியாக. அட்டை இருந்த கைப்பையோடு நான் அரை மணி நேரம் பக்கத்திலேயே நின்றேன். அதற்குள் வேறு காரணம் தேடி என்னென்ன ரத்தம் எடுக்கலாம், எந்த ஸ்கேன் எடுக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். கிருமிகளைப் பார்க்கிற டாக்டரம்மா வெளியே போனதும் பின்னாலேயே ஓடி, அட்டையை அவர் கையில் வைத்தேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். "இது நல்ல மருந்துதாம்மா. ஆனா உங்க வீட்டுக்காரர் சாப்பிடற மருந்த உடம்ப விட்டுப் போக விடாது. அது தேங்கிக்கிட்டே போகும். சொன்னீங்களே, அது போதும். இனிமே தேட வேண்டியதில்ல" என்றார்.

அப்படியானால் சளிக்கு வேறு எந்த ஆன்டிபயாடிக் என்று கேட்டேன், உங்களைப் போலவே. ஒன்றும் கிடையாது என்றார். மூக்கில் எடுத்த டெஸ்டில் வந்தது சாதாரண ஜலதோஷ வைரஸ். எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தம். வைரஸை இந்த மாத்திரைகள் தொடவே தொடாதாம். "தேவையில்லாம குடுத்துப் பழக்கினா, நிஜமாவே கிருமி நெஞ்சுல இறங்கற அன்னைக்கு எந்த மருந்தும் கேக்காது. அன்னைக்கு எங்க கையில மருந்து இருக்கணும்ல?" என்றார்.

கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள் அண்ணி. அடுத்த அறையில் நுரையீரல் மாற்றிய டீச்சர் ஒருவர் இருந்தார். அவருக்குக் காய்ச்சல் ஏறிய ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தைச் சோதனைக்கு எடுத்து, கையோடு ஊசி மருந்தும் ஏற்றிவிட்டார்கள். எந்தக் கிருமி என்று தெரிந்த பிறகு, அதற்கு மட்டும் வேலை செய்கிற சின்ன மருந்தாக மாற்றினார்கள். ஓடவும் தெரிகிறது அவர்களுக்கு, நிற்கவும் தெரிகிறது.

நாலு நாளில் மருந்தின் அளவு இறங்கியது. நடுக்கம் நின்றது. சளி தானாகவே போனது. சிறுநீரகம் முழுக்கப் பழைய நிலைக்கு வருமா என்பதை ஒரு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்கிறார்கள். இப்போது அரை நாள் கடைக்குப் போய்வருகிறார்.

வீட்டுக்கு வந்த அன்றே அவரிடம் ஒப்புக்கொண்டேன். கத்தவில்லை. மறுநாளிலிருந்து மாத்திரைகளை உள்ளங்கையில் பரப்பி, ஒவ்வொன்றாகக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டுவிட்டுத்தான் விழுங்குகிறார். நானும் பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி பதில் சொல்கிறேன். எனக்கு அது வேண்டியதுதான்.

ஆனால் ஒன்று. அந்த மாத்திரையை நான் மருந்துக் கடையில் வாங்கியதாகத்தான் அவரிடம் சொல்லியிருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும். என் மேல் உள்ள கோபம் ஒரே வீட்டுக்குள் இருப்பதால் நாளாக ஆக ஆறிவிடும். தூரத்தில் இருக்கிற அக்காவை நினைத்து மனம் கசந்தால், அதை ஆற்ற அங்கே யார் இருக்கிறார்கள்? டப்பாவில் போட்ட கை என்னுடையது. நீங்கள் பாசத்தைத்தான் அனுப்பினீர்கள்.

வீட்டில் மிச்ச மாத்திரைகள் இருந்தால் யாருக்கும் கொடுக்காதீர்கள், நீங்களும் சாப்பிடாதீர்கள். இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

வருகிற ஞாயிறு வழக்கம்போல அவரைக் கூப்பிடுங்கள். "என்னடா சின்னவனே" என்று எப்போதும் போல ஆரம்பியுங்கள். அழ வேண்டுமென்றால் சனிக்கிழமையே அழுது முடித்துவிடுங்கள் அண்ணி. உங்கள் குரல் கொஞ்சம் மாறினாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார்.

உங்களை ஒரு நாளும் குறையாக நினைக்காத,
உங்கள் தம்பி மனைவி