மடிப்பு வீட்டு நாய்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் பக்கத்து வீட்டுத் துரை சாப்பிடவில்லை. சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தேன். வீட்டின் பின்பக்கச் சிமெண்டுத் தரையில், கட்டிப்போட்ட இடத்திலேயே சுருண்டு கிடக்கிறது. துரை என்பது நாய். பெயரில் மட்டும்தான் துரை. வெள்ளை முடியெல்லாம் சடை பிடித்துத் திரி திரியாகத் தொங்குகிறது. நகம் வளர்ந்து வளைந்துவிட்டது. நடந்தால் டக் டக் என்று என் ஜன்னல் வரை கேட்கிறது.

எஜமானர் பேங்க் அதிகாரி. அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் மடிப்பு. எங்கள் சலவைக் கடைக்குத்தான் துணி போடுகிறார். சட்டைக் கையில் மடிப்பு கத்தி மாதிரி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அப்படியே திருப்பிக் கொண்டுவந்து வைப்பார். சட்டைக்குக் காட்டும் அக்கறையில் கால்வாசி அந்த நாய்க்குக் காட்டினால் என்னவாம்?

அவர் மனைவி டீச்சர். அந்த அம்மா இருந்தவரை நாய் இப்படி இல்லை. அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாராம். அக்கா வீட்டில் இவ்வளவு காலமா? பள்ளிக்கூடத்தில் சும்மா விடுவார்களா? எனக்கென்னவோ சரியாகப் படவில்லை.

மார்ச் 7, வெள்ளி

மடிப்பு துணி போட வந்தார். நானாகவே கேட்டேன். "துரை எப்படி சார் இருக்கான்? மெலிஞ்ச மாதிரி தெரியுது."

"நல்லா இருக்கான்மா. என் கட்டில்லதான் படுக்கறான்." என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கடைச் சுவரில் மாட்டியிருக்கும் கோட்டு ஒன்றைப் பார்த்துச் சொன்னார்.

அவர் போனதும் மூட்டையைப் பிரித்தேன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, பேண்ட் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு முடி இல்லை! நாய் வளர்க்கிறவர்கள் துணியைப் பிரித்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். டீச்சர் இருந்தபோது இந்த வீட்டுத் துணிக்கு பிரஷ் போட்டே என் தோள்பட்டை கழன்றுவிடும். இப்போது கட்டிலில் படுக்கிற நாய்க்கு ஒற்றை முடி உதிரவில்லையாம். யார் காதில் பூச்சுற்றப் பார்க்கிறார்?

மார்ச் 8, சனி

சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்கு எதுலதான் சந்தேகம் வரல? அவங்க வீட்டு விஷயம், விடேன்" என்றார்.

இவர் பஸ் டிரைவர். ரோட்டில் நாய் படுத்திருந்தால் பஸ்ஸை நிறுத்தி ஹாரன் கூட அடிக்காமல் காத்திருந்து பயணிகளிடம் திட்டு வாங்கும் ஆள். கல்யாணம் ஆனதில் இருந்து ஒரு நாய் வளர்ப்போம், ஒரு நாய் வளர்ப்போம் என்று நச்சரித்தவர். வாடிக்கையாளர் துணியில் முடி ஒட்டும், "நாயா நானா, முடிவு பண்ணிக்குங்க" என்று நான்தான் வாயை அடைத்து வைத்தேன். அப்படிப்பட்டவர் விடு என்கிறாரே! ஏன்?

மார்ச் 12, புதன்

கண்ணால் பார்த்துட்டேன். இனிமே யாரும் எனக்குச் சந்தேகப் புத்தின்னு சொல்ல வேண்டாம்.

காலையில் ஜன்னலைத் திறக்கிறேன், மடிப்பு கதவுக்குள் நின்றபடியே ஒரு நீளக் கம்பை வெளியே நீட்டி நாய்ப் பக்கம் குத்துகிறார். துரை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. "சார்!" என்று கத்தினேன். திடுக்கிட்டுப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். படுபாவி! வெள்ளைச் சட்டையப் போட்டுக்கிட்டு வாயில்லா ஜீவனப் போய் அடிக்கறானே, இவன் கை விளங்குமா? டீச்சரையும் இப்படித்தான் — சே, எழுதக் கூடாது. எழுதிவிட்டேன். அந்த அம்மா எங்கேதான் இருக்கிறார்?

மார்ச் 13, வியாழன்

விலங்கு நல அலுவலகத்துக்குப் போன் செய்தேன். கம்பு, நகம், சடை ஒன்றையும் விடவில்லை. வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை.

மார்ச் 17, திங்கள்

என் வீட்டுக்காரரின் காக்கி பேண்டைத் துவைக்க எடுத்தேன். முழங்காலிலும் தொடையிலும் வெள்ளை முடி. ஒன்றிரண்டு இல்லை, அப்பிக்கொண்டிருக்கிறது. நீளத்தைப் பார்த்தால் துரையின் முடியேதான்.

மத்தியானம் டிப்போவில் படுத்துத் தூங்குவதாகத்தானே இவர் சொல்வார்? அந்த வீட்டுக்குள் இவருக்கு என்ன வேலை? மடிப்பும் இவரும் சேர்ந்து எதை மறைக்கிறார்கள்? டீச்சர், மடிப்பு, இவர் — மூன்று பேரையும் வைத்து என் மண்டைக்குள் என்னென்னவோ ஓடுகிறது. இந்த வயதில் புத்தி போகிற போக்கைப் பார். இருந்தாலும் சாயங்காலம் வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

அதே நாள், சாயங்காலம்

செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை. பேண்டை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது என்ன?"

"முடி."

"யாரோட முடி?"

"துரையோடது" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

டீச்சர் அக்கா வீட்டில் இல்லை. வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். புற்றுநோய். யாருக்கும் சொல்லக் கூடாது என்று கணவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். மடிப்புக்கு நாய் என்றாலே குலைநடுக்கம். சின்ன வயதில் கடி வாங்கியவராம். டீச்சர் இருந்தவரை நாய் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் என்று காலம் ஓடிவிட்டது. கிளம்பும்போது அந்த அம்மா, துரையை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறார். அவரும் தலையாட்டிவிட்டார். கிட்டே போகத்தான் தைரியம் இல்லை. அந்தக் கம்பு தரை துடைக்கிற குச்சி. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவதற்கு.

கட்டில் கதை டீச்சருக்காகப் போனில் ஆரம்பித்த பொய். அதைக் கேட்டு அந்த அம்மா ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாராம். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை, ஊருக்கெல்லாம் அதையே சொல்கிறார். நாயோ டீச்சரைக் காணாமல் ஏங்கிச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. அதைப் பார்த்து என் வீட்டுக்காரர் போய்க் கேட்டதும் மடிப்பு அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டாராம். இவர்தான் மத்தியானம், நான் கடையில் இருக்கிற நேரத்தில், பின்தெரு வழியாகப் போய் மடியில் வைத்து நாலு வாய் ஊட்டிவிட்டு வருகிறார். சாவியே கொடுத்திருக்கிறார்கள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்கிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள கடைக்கு வர்ற அத்தனை பேருக்கும் தெரிஞ்சுடுமே."

எனக்குச் சுருக்கென்றது. அதைவிட, நான் போன் செய்ததை இவரிடம் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

சொல்வதற்குள் வந்துவிட்டார்கள். வேன், ஒரு அதிகாரிப் பெண், கூண்டோடு இரண்டு ஆட்கள். அந்தப் பெண் துரையின் காலைத் தூக்கி நகத்தைக் காட்டி, "இது என்ன சார்?" என்றாள். மடிப்பு கதவுக்குள்ளேயே நின்றார். வேன் கிளம்பும்போது மட்டும், "அவ கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்று யாரிடமோ கேட்கிற மாதிரி கேட்டார். என் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 19, புதன்

போன் செய்தது நான்தான் என்று நேற்று ராத்திரி சொன்னதில் இருந்து என் வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

எனக்கும் கோபம் வருகிறது. நான் சொன்னது பொய்யா? நகம் வளையவில்லையா? முடி சடை பிடிக்கவில்லையா? பயமாக இருந்தால் ஒரு ஆளைக் கூப்பிட்டு வெட்டச் சொல்ல வேண்டியதுதானே? கம்பை மட்டும்தான் தப்பாகப் பார்த்தேன். மற்றதெல்லாம் சரியாகத்தான் பார்த்தேன்.

ஆனால் அந்த அம்மா ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, நாய் வீட்டில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரே. வேலை ஓடவில்லை. ஒரு பட்டுச் சட்டையைக் கருக்கிவிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

கடையைச் சாத்திவிட்டு விலங்கு நல அலுவலகத்துக்குப் போனேன். "புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றேன்.

"அப்ப பொய்ப் புகாரா?" என்றாள் அதே பெண்.

"இல்ல, உண்மைதான்."

"அப்புறம் எதுக்கு வாபஸ்?"

டீச்சரின் நோயைச் சொல்ல வாய் துடித்தது. சொல்லவில்லை. எனக்கே ஆச்சரியம். அந்த வீட்டுக்குத் திருப்பித் தர முடியாது, பொறுப்பான வேறு யாராவது இருந்தால் தரலாம் என்றாள். கூண்டுக்குள் துரை சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. "நான் இருக்கேன்" என்று என் வாயில் இருந்து வந்துவிட்டது.

"நாய் இனி உங்க பொறுப்பு. பின்னால நிலைமை சரியானா, அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகலாமா வேண்டாமாங்கறதும் உங்க கையிலதான் இருக்கு" என்றாள்.

கதவைத் திறந்த என் வீட்டுக்காரர் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். என்னிடம் இல்லை, நாயிடம்.

மார்ச் 25, செவ்வாய்

முடி! இஸ்திரி மேஜை, காபித் தம்ளர், என் வாய், எங்கே பார்த்தாலும் முடி. நகத்தை வெட்டியாயிற்று. சடையை நான்தான் கத்தரித்தேன், ஓரங்கள் ஏறுமாறாக இருக்கின்றன. இன்று என் கையில் இருந்து சாப்பிட்டான்.

ஏப்ரல் 2, புதன்

மடிப்பு கடைக்கு வந்தார். கையில் துணி இல்லை. சட்டை கசங்கியிருந்தது.

"போன் பண்ணது நீங்கதானேம்மா?"

"ஆமா சார்."

"சரி" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "இனிமே வைத்தியம் வேண்டாம், வீட்ல நிம்மதியா இருக்கட்டும்னு டாக்டர் சொல்லிட்டார். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வர்றேன். அவளால எழுந்திருக்க முடியாது. துரையத் தூக்கி அவ பக்கத்துல வைக்கணும். நான்தான் வைக்கணும். எப்படின்னு சொல்லிக் குடுங்கம்மா."

மேஜைக்கு அடியில் இருந்து துரை தலையை நீட்டினான். மடிப்பு வாசலுக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 3, வியாழன்

நேராக நாயிடம் விட்டால் மனிதர் ஓடிவிடுவார். அதனால் ஒரு ஈரப் போர்வையைச் சுருட்டிக் கையில் கொடுத்தேன். அதுவும் துரை அளவு கனம் இருக்கும். "ஒரு கை நெஞ்சுக்கு அடியில, ஒரு கை பின்னால. உங்களோட சேர்த்து அணைச்சுக்குங்க." பேங்க் அதிகாரி கடைக்குள் ஈரப் போர்வையைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தார். துணி வாங்க வந்த அம்மாள், "புதுசா ஆள் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அவரும் சிரித்துவிட்டார், நானும்.

ஏப்ரல் 5, சனி

நேற்று முதுகைத் தொட்டார். இன்று தூக்கினார். துரை கையை நக்கியதும் அலறிக் கீழே விட்டார். நல்லவேளை, அழுக்குத் துணி மூட்டை மேல் விழுந்தான். மறுபடி தூக்கினார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவசரத்துக்குக் கற்றுக்கொள்கிறார். அந்த அம்மாவுக்குப் பிறகு? திரும்பவும் சிமெண்டுத் தரை, சங்கிலி, குச்சியா? நடக்காது. துரை எங்கள் வீட்டில்தான் இருப்பான். முகத்துக்கு நேரே சொல்லிவிடப் போகிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

டீச்சர் வந்துவிட்டார். நானும் என் வீட்டுக்காரரும் துரையைக் கூட்டிக்கொண்டு போனோம். கட்டிலில் அந்த அம்மா இருப்பதே தெரியவில்லை, போர்வை மட்டும் கிடக்கிற மாதிரி இருந்தது. வரும் வழியிலேயே எல்லாவற்றையும் மடிப்பு சொல்லிவிட்டாராம், கட்டில் பொய், குச்சி, வேன் எல்லாம்.

மடிப்பு குனிந்தார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை பின்னால். தூக்கிக் கட்டிலில் வைத்தார். துரை தவழ்ந்து போய் டீச்சரின் கழுத்தில் முகத்தைப் புதைத்து, நாய் அழுமா, அழுதான். என் வீட்டுக்காரர் வெளியே போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் கேட்டார். "எனக்கப்புறம் இவன் யார்கிட்ட இருப்பான்?"

என் பதில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன்.

"என்கிட்ட" என்றார் மடிப்பு.

டீச்சர் அவர் கையைப் பார்த்தார். அதை இன்னும் பேண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். உண்மைதானா, நம்பலாமா என்று என்னைத்தான் கேட்டார், வாயால் கேட்கவில்லை, அவ்வளவுதான். யாரையும் நம்பாதவளிடம் போய் இதைக் கேட்டால்?

"ஆமா டீச்சர், சார்கிட்டதான் இருப்பான்" என்றேன். "நான் பார்த்துக்கறேன். துரையை இல்ல, இவரை."

டீச்சர் சிரித்தார். சத்தம் வரவில்லை.

துரையை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். சமையலறையில் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "என்ன, நாய் போயிடுச்சுன்னு அழறியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்க வேலையப் பாருங்க" என்றேன்.