அக்கா கூப்பிட்டால் வரும் எருது

அக்கா,

இன்று காலை பேரன் கோயமுத்தூரில் படுத்துக்கொண்டே போனைத் தட்டி, இங்கே நல்லேப்பிள்ளியில் நம் தோட்டத்து மோட்டாரைப் போட்டுவிட்டான். காய்ந்து கிடந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. வறண்ட மண் முதல் தண்ணீரைக் குடிக்கும்போது ஒரு வாசம் எழுமே, அது அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. நான் தோசைக் கரண்டியும் கையுமாக நின்றேன். தோசை தீய்ந்தே போயிற்று. நீங்கள் இருந்திருந்தால் அதையும் எனக்கே போட்டுச் சிரித்திருப்பீர்கள்.

அந்த வாசத்தோடு அந்த வருஷம் நினைவுக்கு வந்தது. எழுபதுகளின் தொடக்கம். மின்கம்பம் ரோட்டோடு நின்றிருந்தது, தோட்டத்துக்குள் வரவில்லை. நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள், வந்து சில மாதமே ஆகியிருந்தது. கிணற்றில் எருது பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓடிய காலம் அது. எருதுகள் சரிவில் இறங்கினால் வடக்கயிற்றில் கட்டிய பெரிய வாளியான சால் நிறைந்து மேலே வரும், அவை பின்னோக்கி ஏறினால் சால் திரும்பக் கிணற்றுக்குள் போகும். விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை இதே நடைதான்.

ஒரு எருது வெள்ளை, பரம சாது. இன்னொன்று உங்கள் பிறந்த வீட்டுச் சீராகக் கன்றிலேயே உங்களோடு வந்தது. அதன் நிறத்தைப் பார்த்து மாமனார் பெயர் வைத்துவிட்டார். மூத்த மகனுக்கும் அதே பெயர்தான் என்பது அந்த மனிதருக்கு உறைக்கவே இல்லை. வாய் கட்டிப்போனது நமக்குத்தான். நீங்கள் புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது, நான் புருஷனின் அண்ணனான மச்சாண்டார் பெயரைச் சொல்லக்கூடாது. இதோ, இந்தக் கடிதத்தில்கூட எழுத எனக்குக் கை வரவில்லை. மழையில் நனைந்த பனைமரத்து நிறம் என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

அந்த ஆடியில் மழை பொய்த்தது. நாற்றங்கால் விரல் உயரம் வளர்ந்து நுனி மஞ்சளடிக்கத் தொடங்கிய நேரம் பார்த்து மச்சாண்டாருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. இரண்டு தாடையும் பலாக்காய் மாதிரி. வீக்கம் வடியட்டும் என்று உங்கள் தங்கச் சங்கிலியை அவர் கழுத்தில் போட்டு, தாடையில் வேப்பிலையை அரைத்து அப்பி, கட்டிலில் கிடத்தினீர்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச முடியாது அவரால்.

அவர் குரல் கேட்காமல் அந்த எருதோ சரிவில் ஒரு எட்டு இறங்காது. என் வீட்டுக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அதட்டினார், வாலை முறுக்கினார். மாமனார் சாட்டையோடு வந்தார். அது பாட்டுக்கு நின்று அசை போட்டது. மாமனார் சாட்டையைக் கீழே போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

“யாரு பேச்சுங் கேக்காத எருத வெச்சு என்ன பண்ணறது? வர்ற சந்தைக்கு வேலந்தாவளம் ஓட்டீட்டுப் போயிரோணும்.”

உங்கள் முகம் அன்று போன போக்கை நான் மறக்கவில்லை, அக்கா. சீராக வந்ததைச் சந்தையில் விற்றால் பிறந்த வீட்டில் எப்படித் தலை காட்டுவது? அதைவிட, அந்த எருது உங்களுக்குப் பிள்ளை மாதிரி. சந்தையில் யார் கைக்கு, எந்த வண்டிக்குப் போகுமோ என்று மாட்டுச்சாலைக்குள் போய் அழுதீர்கள். ஒரு தடவை நீங்களே பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், சாமி குத்தம் ஒன்றும் ஆகிவிடாது என்றேன். “அவிய பேர நா எப்படிப் புள்ள சொல்லுவேன்?” என்றீர்கள். அழுகையிலும் அதில் மட்டும் உறுதி.

மறுநாள் காலையில், என்ன தோன்றியதோ, கஞ்சிக் கலயத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நேராகச் சரிவின் அடிக்குப் போய் நின்றீர்கள். தினமும் கஞ்சி கொண்டுபோய் மச்சாண்டாரைக் கூப்பிடும் இடம் அது. அவர் எருதுகளை இறக்கிக் கொண்டுவந்து அவிழ்த்துவிட்டால், அவருக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு எருதுகளுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிய தண்ணீர் வைப்பீர்கள். அங்கே நின்று, அதே குரலில், அதே வெட்கத்தோடு,

“ஏனுங்க... வாங்க, நேரமாச்சுங்க” என்றீர்கள்.

காதை விடைத்தது எருது. கழுத்து மணி ஆட, மாப்பிள்ளை நடையில் சரசரவென்று இறங்கியது. வெள்ளையும் கூடவே இறங்கியது. வடத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் விழாமல் பிடித்துக்கொண்டதே பெரிய காரியம். சால் மேலே வந்து தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. வாய்க்கால் மண் அதைக் குடித்தது.

அந்த நேரம் வேப்பமரத்துப் பக்கம் ஏதோ ஓடிவரும் சத்தம். பார்த்தால் மச்சாண்டார்! கழுத்தில் பெண்பிள்ளைச் சங்கிலி, தாடையில் பச்சைப் பூச்சு, ஒரு கையில் நழுவும் வேட்டி. உங்கள் குரல் கேட்டதும் தன்னைத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று எழுந்து வந்துவிட்டார். எருது ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக உங்கள் முன்னால் வந்து நின்றார்கள். நீங்கள் கலயத்தை இறக்கக்கூட மறந்து நின்றீர்கள்.

மாமனார் மேட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள்களிடம் நேருக்கு நேர் பேசியே அறியாதவர், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

“இனி வித்தா ரெண்டயுஞ் சேத்துத்தான் விக்கோணும்.”

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் முதல். அதுவரை ஒவ்வொரு ராத்திரியும் பிறந்த வீட்டை நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அன்றிலிருந்து இது என் வீடாகிவிட்டது. அந்த வாரம் முழுக்கச் சரிவின் அடியில் நின்று எருதை மரியாதையாகக் கூப்பிட்டீர்கள். நாற்றும் பிழைத்தது, எருதும் பிழைத்தது. அப்புறம் நம் மாட்டுச்சாலையிலேயே கிழடாகித்தான் செத்தது.

மச்சாண்டார் நன்றாக இருக்கிறார், அக்கா. காது சுத்தமாகப் போய்விட்டது. பேரன் ஊருக்கு வந்து கத்தினாலும் கேட்பதில்லை, டிவியை அலற வைத்தாலும் திரும்புவதில்லை. நீங்கள் போன பிறகு சாப்பாட்டு வேளையே அவருக்கு மறந்துவிடுகிறது. அதனால் இப்போதெல்லாம் நான்தான் வாசற்படியில் நின்று, உங்களைப் போலவே குரலை இழுத்து, “ஏனுங்க... வாங்க, நேரமாச்சுங்க” என்கிறேன்.

அது மட்டும் அவருக்குக் கேட்கிறது. எழுந்து வருகிறார். வந்து, எனக்குப் பின்னால் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார்.