கவிழ்த்து வைத்த டம்ளர்

கடப்பாக்கம்
4.8.2001

அன்புள்ள சங்கரிக்கு,

வந்து சேர்ந்தேன். என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நீ திரும்பிப் பார்க்காமல் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கோபமில்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் திரும்பியிருக்க மாட்டேன்.

இது ஆஸ்பத்திரி இல்லை. சென்னையில் இருபத்தெட்டு நாள் ஊசியும் மாத்திரையுமாக உடம்பைத் தேற்றி அனுப்பினார்களே, அதற்குப் பிறகு குடிக்காமல் வாழப் பழகுகிற வீடு. என்னைச் சேர்த்து எட்டுப் பேர். டாக்டர் கிடையாது, வாசலில் பூட்டு கிடையாது. நடத்துகிற ஜெபகுமார் சாரே பதினோரு வருடம் முன்பு குடியை விட்டவர். சமையல், பெருக்குவது, தண்ணீர் இறைப்பது எல்லாம் நாங்களேதான். உன் புருஷனுக்கு இன்று வெங்காயம் உரிக்கிற வேலை. எதற்கு அழுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. வசதியாகப் போயிற்று.

ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் தருகிறார்கள். சீர்ப் பாத்திரத்தில் வெட்டுவது போல என் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. ஒரு வருடம் முடித்தவர் அதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். பாதியில் போனவருடையது அலமாரி மேல்தட்டில் கவிழ்ந்து கிடக்கும். இப்போது அங்கே ஐந்து இருக்கின்றன.

ஒரு வருடம் ஒரு சொட்டுகூடத் தொடாமல் இருந்தால் வீட்டுக்கு வரலாம் என்றாய். எண்ணத் தொடங்கிவிட்டேன். இங்கே போன் கிடையாது. கடிதம் போடு, திட்டியாவது போடு.

உன்
கோதண்டராமன்

கல்பாக்கம்
19.8.2001

பொன்னி அப்பாவுக்கு, சங்கரி எழுதுவது.

திட்டி எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு இன்லேண்ட் லெட்டர் போதாது, நோட்டுப் புத்தகம்தான் வாங்க வேண்டும்.

நேற்று அரிசி டிரம்மைக் காலி செய்தேன். அடியில் ஒரு பாட்டில். போன வாரம் தண்ணீர்த் தொட்டியில் ஒன்று. இன்னும் எங்கெங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு பட்டியல் போட்டு அனுப்பினால் எனக்கு வேலை மிச்சம்.

பள்ளி ஆண்டு விழாவில் நீங்கள் குடித்துவிட்டு மேடை ஏறியதை பொன்னி இன்னும் மறக்கவில்லை. அவளுக்கு விழ இருந்த கைத்தட்டல் உங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் போய்விட்டது. டவுன்ஷிப்பில் யாராவது எதிரே வந்தால் தெரு மாறி நடக்கிறாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு வேறு எவ்வளவோ கவலை இருக்கலாம். இது வேண்டாம்.

சாப்பிடுங்கள். அங்கேயும் கடல் காற்றுதான், உங்களுக்கு ஆகாது, காதில் துணி கட்டுங்கள். ஒரு வருடம் என்றால் ஒரு வருடம்தான்.

சங்கரி

கடப்பாக்கம்
12.12.2001

அன்புள்ள சங்கரிக்கு,

நாலு மாதம் தாண்டிவிட்டேன். நாலு மாதம் முடித்தவனுக்கு வரும் பார்சலை இங்கே பிரித்துப் பார்க்க மாட்டார்கள். இத்தனை வயதில் என்னையும் நம்பகமான ஆள் என்று ஒரு வீடு ஒத்துக்கொண்டது. சிரிக்காதே.

போன வாரம் ஒரு விஷயம் நடந்தது. என் பக்கத்துக் கட்டில் கருப்பன், படகு எஞ்சின் பழுது பார்ப்பவன், தங்கை கல்யாணத்துக்குப் போன இடத்தில் குடித்துவிட்டான். இங்கே சட்டம் ஒன்றுதான். தவறினால் அன்றைக்கே, சாப்பாட்டுக்கு உட்காருமுன் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். எங்கே, எப்படி, யார் கொடுத்தது, எல்லாம். சொன்னவனுக்கு மறுபடி இடம் உண்டு. மறைத்தவன் போக வேண்டும். மற்றவர்கள் கை தூக்கித்தான் முடிவு.

கருப்பன் நின்று சொன்னான். "என் மச்சான்தான் ஊத்திக் குடுத்தான் சார். வாணாம்னு சொல்ல வாய் வரல. இப்ப உங்க மூஞ்சப் பாக்கவே பேஜாரா கீது." எல்லோரும் அவனை வைத்துக்கொள்ளக் கை தூக்கினோம். ஆனால் அன்றிலிருந்து அந்த மச்சானை இங்கே திட்டாத ஆளில்லை. இதுவரை பார்க்காத மனிதனை நானும் திட்டினேன்.

இருமல் மட்டும் விடவில்லை. பொன்னியிடம் கேட்டதாகச் சொல். கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பரவாயில்லை, சொல்.

உன்
கோதண்டராமன்

கல்பாக்கம்
6.1.2002

பொன்னி அப்பாவுக்கு,

உங்களுக்கு ஒரு செய்தி. பொன்னி நேற்று தானாகவே, "அப்பா எப்பம்மா வருது?" என்று கேட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றேன்.

ஒரு வருடம் என்று சொன்னது நான்தானே, நானே மாற்றிக்கொள்கிறேன். பிப்ரவரி பதினேழு அவள் பிறந்தநாள். அன்று வந்துவிடுங்கள். திரும்பிப் போக வேண்டாம். ஆபீசில் உங்களோடு வேலை பார்க்கும் ஹரிகிருஷ்ணன் மெடிக்கல் லீவை முடித்துக்கொள்ள ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அவர் மரக்காணம் போகிற வழியில் இந்தப் பையைக் கொடுப்பார். தக்காளித் தொக்கு எல்லோருக்கும். ஸ்வெட்டர் உங்களுக்கு. இருமலுக்காகச் செங்கல்பட்டு போய் நாட்டு மருந்துக் கடையில் தசமூலாரிஷ்டம் பெரிய பாட்டிலாக வாங்கினேன். பொன்னி பிறந்தபோது எனக்கு அம்மா கொடுத்தது அதுதான். காலையில் ஒரு மூடி, படுக்கும்முன் ஒரு மூடி. மருந்து என்றாலே முகம் சுளிப்பீர்கள். ஒரு பொட்டுகூட மிச்சம் வைக்காமல் குடிக்க வேண்டும், எனக்காக.

நாள் எண்ணுவது இப்போது நானும்தான்.

உங்கள்
சங்கரி

கடப்பாக்கம்
21.1.2002

சங்கரிக்கு,

பை வந்தது. தொக்கு நன்றாக இருந்தது, எல்லோரும் சாப்பிட்டோம். இருமல் நின்றுவிட்டது.

நான் குடித்துவிட்டேன். சில நாளாக மறைத்தேன். நேற்று கண்டுபிடித்தார்கள். கூட்டத்தில் என்னை அனுப்பிவிட முதலில் கை தூக்கியவன் கருப்பன். அழுதுகொண்டே தூக்கினான். அவன்மேல் தவறில்லை, சட்டம் அது.

எப்படி, ஏன் என்று கேட்காதே. என் தப்பு, வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. பதினேழாம் தேதி என்னை எதிர்பார்க்க வேண்டாம். பொன்னிக்கு என்ன சொல்வது என்று உனக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

கோதண்டராமன்

கல்பாக்கம்
25.1.2002

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாததால் பழைய விலாசத்துக்கே எழுதுகிறேன்.

பிறந்தநாள் வரை இன்னும் இருபத்தேழு நாள் பொறுக்க முடியவில்லை, இல்லையா? வீட்டுக்கு வெள்ளையடித்தேன். அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். வெட்கம் கெட்டவள், மறுபடியும் நம்பினேன்.

"அப்பா செத்துப் போயிட்டார்னு நெனச்சுக்கோ" என்று நானே பொன்னியிடம் சொல்லிவிட்டேன். நீங்களும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வாசலுக்கு வர வேண்டாம்.

சங்கரி

கடப்பாக்கம்
17.2.2002

பொன்னி அப்பாவுக்கு,

உங்கள் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் பெட்டியை எடுத்துப் போகச் சொல்லி ஜெபகுமார் சார் கார்டு போட்டிருந்தார். பிறந்தநாள் அதுவுமாக பொன்னி கோயிலுக்குப் போக மறுத்துவிட்டாள். நான் பஸ் ஏறி இங்கே வந்தேன்.

பெட்டியில் ஸ்வெட்டர் மடித்தபடி இருந்தது. அதற்குள் அரிஷ்டப் பாட்டில், கழுவி, மூடி போட்டு. "இதை ஏன் சார் வைத்திருக்கிறார்?" என்று கேட்டேன்.

"அதாம்மா எல்லாத்துக்கும் ஆரம்பம்" என்றார். "அரிஷ்டம் புளிக்கவெச்சி செய்யற மருந்து. போதை அதுலயே ஊறிக்கீது. ஊர்ல குழந்த பெத்தவங்களுக்குக் குடுப்பாங்க, ஒண்ணும் ஆவாது. எங்களுக்கு ஒரு மூடி போதும். ரெண்டு நாள் அளந்து குடிச்சிருக்காரு. மூணாம் நாள் பாட்டில் காலி. அப்புறம் ஒயின் ஷாப்பு. யார் குடுத்தாங்கன்னு அத்தினி பேரும் கேட்டோம். நானே கடையில வாங்கினேன்னு ஒரே புடியா நின்னாரு."

நான் கொடுத்தேன் சார் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "வூட்லேர்ந்து மருந்துன்னு வந்துது, தெரியாம குடிச்சிட்டேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா அவர அனுப்ப ஒருத்தன் கை தூக்கியிருக்க மாட்டான்மா" என்றார்.

சொல்லியிருக்கலாமே. கருப்பனின் மச்சானைத் திட்டியது போல என்னையும் திட்டியிருப்பார்கள். திட்டட்டுமே! உங்கள் பெண்டாட்டிக்கு அதைத் தாங்கத் தெரியாதா? முகர்ந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் எனக்காகக் குடியுங்கள் என்று எழுதியிருந்தேன், குடித்துவிட்டீர்கள். அந்தக் கடிதத்தை எழுதிய கையால்தான் அடுத்த கடிதத்தையும் எழுதினேன்.

அதை நீங்கள் படித்தீர்களாம். முப்பதாம் தேதி காலையில் துணி எடுக்க வந்தீர்களாம், வாசல் படியில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தீர்களாம். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, துணிகூட எடுக்காமல் போய்விட்டீர்களாம். கருப்பன் பஸ் ஸ்டாண்டு வரை பின்னால் ஓடியிருக்கிறான். அவ்வளவையும் அவன் சொல்லக் கேட்டேன். அந்தப் பையில் இருப்பதைக் கிழித்துப் போடுங்கள். அது நான் எதுவும் தெரியாமல் எழுதியது.

மறைமலைநகரில் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் உங்களைப் பார்த்ததாக ஹரிகிருஷ்ணன் சொன்னார். அப்படி எழுதிவிட்டும் மனது கேட்காமல் மூன்று நாள் போய் நின்றேன். நீங்கள் இல்லை. போலீசிலும் போட்டோ கொடுத்திருக்கிறோம். பொன்னியிடம் இன்று போய் எல்லாம் சொல்லப் போகிறேன். அவளுக்கு அப்பா உயிரோடு இருக்கிறார் என்றுதான் முதலில் சொல்ல வேண்டும். அது உண்மையாக இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை ஜெபகுமார் சாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். நீங்கள் வந்தால் தருவார். உங்கள் டம்ளரையும் காட்டினார். மேல்தட்டில் ஆறாவதாகக் கவிழ்ந்திருந்தது. உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதை விரலால் தடவிப் பார்த்து, எழுத்துக் கூட்டி, சத்தமாகவே சொன்னேன்.

"எடுத்துக்கினு போம்மா" என்றார். நான் எடுக்கவில்லை. நீங்கள் வந்தால் எதில் தண்ணீர் குடிப்பீர்கள்? அதை நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.

உங்கள்
சங்கரி