பின்பக்க வாசல்

கோந்த்வாவில் எங்கள் பக்கத்து வீட்டில் ரம்ஜானுக்குக் கடல்பாசி காய்ச்சுகிறார்கள். ஜன்னல் வழியே அந்த லேசான கடல் வாசனை வந்ததும் நீ நினைவுக்கு வந்தாய். நம் ஆய்வகத்திலும் அந்த மாதிரிப் பாசியைத்தான் பொட்டாசியம் குளோரைடு கலந்து காய்ச்சி, மெல்லிய குழாய்களில் நிரப்புவோம். செல்களின் மின்னோட்டத்தை அளக்கும் கருவிக்கு அதுதான் பாலம். "சர்க்கரை போட்டா பலகாரம், உப்பு போட்டா பிஎச்.டி.," என்பாய்.

உன் சிறுநீரகங்கள் அப்போதே செயலிழந்திருந்தன. வாரம் இருமுறை டயாலிசிஸ்; மற்ற நாட்களில் லோஹேகாவ் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் ஆய்வகம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, உன் அம்மா உருளைக்கிழங்கை நறுக்கி ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊறவைத்துத்தான் சமைப்பார். ருசியே இல்லாத அந்தக் கறி இருந்த டப்பாவைத் திறந்துவைத்து, "அம்மா கிழங்குலேருந்து பொட்டாசியத்த விரட்டுறா, நான் செல்லுலேருந்து விரட்டுறேன். குடும்பத் தொழில்டி," என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாம் ஆராய்ந்த குடல் செல்லின் முன்பக்கத்தில் குளோரைடு வெளியேறும் வாசல். அது மட்டும் திறந்தால் போதாது என்பது உன் பிடிவாதம். ஒவ்வொரு குளோரைடும் எதிர் மின்னூட்டத்தை எடுத்துக்கொண்டு போகிறது. சீக்கிரமே அதை வெளியே தள்ளும் விசை தீர்ந்துவிடும். பின்பக்கத்தில் பொட்டாசியம் நேர் மின்னூட்டத்தோடு வெளியேறினால்தான் அந்த விசை நிலைக்கும். அதனால் ஒரே சமிக்ஞை இரண்டு வாசலையும் சேர்த்தே திறக்கிறது. நம் செல்களில் அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் உனக்கு. என் பரிசோதனையில் மின்னோட்டம் எழும்பாத நாளெல்லாம், "முன்னாடியே பாத்துட்டு நிக்காத. பின்னாடி தொறந்திருக்கான்னு பாரு," என்பாய்.

கடைசிப் பரிசோதனையை, நீ ஆய்வகத்துக்கு வரும் நாளான புதன்கிழமைக்கு வைத்திருந்தோம். செவ்வாய் காலை, டயாலிசிஸுக்குக் கிளம்பும் முன்பே உன் இதயம் நின்றது. பொட்டாசியம்தான் என்றார்கள். உன் உடம்பில் அதற்கு வெளியேற வழி இருக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து நான் தனியாகச் செய்தேன். சமிக்ஞை தரும் மருந்தை விட்டதும் திரையில் மின்னோட்டக் கோடு மேலே ஏறியது. பின்பக்க வாசலை மட்டும் அடைத்தேன். முன்பக்கத்தைத் தொடவே இல்லை. கோடு சரிந்து, கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டது. அன்று மாலை உன் வீட்டுக்குப் போனேன்.

உன் அம்மா கேட்டது ஒன்றுதான். "அவ சொன்ன மாதிரியே வந்துச்சா?"

"வந்துச்சு ஆன்ட்டி."

தலையசைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். மேடையில் நறுக்கிய கிழங்கு தண்ணீரில் கிடந்தது. அந்த வீட்டில் இனி யாருக்கும் அப்படிச் சமைக்க வேண்டியதில்லை. தண்ணீரைக் கொட்டினார். குழாயைத் திறந்து மறுபடி நிரப்பினார்.

எங்கள் வீட்டிலும் யாருக்கும் சிறுநீரகக் கோளாறு இல்லை. இன்று காலையும் கிழங்கை ஊறவைத்திருக்கிறேன். முதல் தண்ணீரைக் கொட்டியாயிற்று.