கொல்லை மண்ணை மூட்டை கட்டியிருக்கிறேன், அம்மா

என் அம்மாவுக்கு,

நைனா தூங்கிவிட்டார். சமையல் மேடை விளக்கைத் துணியால் பாதி மூடிவிட்டு, அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். நீ பார்த்திருந்தால் "கண்ணு கெட்டுப் பூடும்டி" என்று விளக்கை அணைத்திருப்பாய்.

நாளைக் காலை ஆறு மணிக்கு நம் கொல்லையில் ஒரு டிராக்டர் நிறைய இரும்புப் பவுண்டரி மண் கொட்டப்போகிறார்கள். அதற்குள் நான் நைனாவிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லிப் பார்த்தால் வாய் பழகும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் நைனா பக்கத்து நியாயம். போன மழைக்கு வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர் வந்தது. நீ நாலு நாள் அந்தத் தண்ணீரிலேயே நின்று வேலை செய்தாய். பிறகு காய்ச்சல். நீ போனதிலிருந்து கொல்லையில் நைனா கண்ணுக்குப் பள்ளம் மட்டும்தான் தெரிகிறது. "இன்னொரு தபா தண்ணி உள்ள வரக்கூடாது." வேறு பேச்சே இல்லை.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அவர் வேலை செய்யும் பவுண்டரியில், உருக்கிய இரும்பை ஊற்றுவதற்கு மண்ணில் அச்சு செய்வார்களே, நிலக்கரித் தூள் கலந்த மண், அது வெந்து வெந்து வீணானதும் வெளியே குவித்து வைப்பார்கள். கேட்டால் அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். மண்ணூர்பேட்டையில் எத்தனையோ பள்ளம் அப்படித்தான் மேடானது. நம் கொல்லையும் மேடாகட்டும் அம்மா, நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் நைனா அதில் ஒரு பிடி கொண்டுவந்து என் கையில் வைத்து என்ன சொன்னார் தெரியுமா?

"பாரு, எம்மாங் கருப்பா கீது! நான் கூலிக்குப் போன கழனில கூட இந்த மாரி மண்ணு கெடையாது. உங்கம்மா இருந்தா இதுல தோட்டமே போட்டிருப்பா."

கல்யாணம் ஆகும் வரை சேற்றில் நின்றவர். கருப்பு மண் என்றால் நல்ல மண் என்று அவர் கண்ணுக்குப் பழக்கம். இது கரியின் கருப்பு. சூட்டில் வெந்ததில் புழு பூச்சி ஒன்றும் மிஞ்சியிருக்காது.

நான் வாதாடவில்லை. இரண்டு பால் பவுடர் டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டு, ஒன்றில் பவுண்டரி மண்ணையும் இன்னொன்றில் உன் கொல்லை மண்ணையும் நிரப்பி, ஐந்தைந்து காராமணி விதைத்தேன். நாலாம் நாள் என்ன ஆயிற்று? இரண்டிலும் முளைத்துவிட்டது! நைனா பவுண்டரி டப்பாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்காவிடமே போய்விட்டார்.

"இன்னா அண்ணாத்தே, டப்பாவ தூக்கினு ஊர்வலமா?"

"மொளச்சிக்கினு கீது பாரு! என் பொண்ணு வச்ச பரீச்ச. பவுண்டரி மண்ணு பாசாயிடுச்சி!"

"அப்போ இரும்பும் மொளைக்கும். நாளிக்கு வரசொல்லோ ஒரு படி எடுத்தாந்து வெத."

நைனா சிரித்தார் அம்மா. நீ போன பிறகு முதல் தடவை. அந்தச் சிரிப்பை எப்படிக் கலைப்பேன்? விதைக்குள்ளேயே அதன் முதல் சாப்பாடு இருக்கிறது, ஈரத்துணியில் போட்டாலும் முளைக்கும், மண்ணின் வேலை அதற்குப் பிறகுதான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்று சாயங்காலமே அவர் டிராக்டருக்குச் சொல்லிவிட்டார். நான் வைத்த பரீட்சைதான் அதைக் கூப்பிட்டது.

இன்று பன்னிரண்டாம் நாள். பவுண்டரி டப்பாவில் இலை மஞ்சளாகி, தண்டு சாய்ந்துவிட்டது. ஊற்றிய தண்ணீர் மேலே நுழைந்து கீழே ஓடிவிடுகிறது. உன் மண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விடுகிறது. அதில் கொடி பற்றிக்கொள்ளக் குச்சி தேடுகிறது.

பாறையிலிருந்துதான் மண் வருகிறது என்று உனக்குப் பாடம் படித்துக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? "எந்த சம்மட்டிலடி ஒடச்சாங்க?" என்று கேட்டாய். வெயிலில் விரிந்து, குளிரில் சுருங்கி, மழையில் கரைந்து, வேர் புகுந்து பிளந்து பாறை பொடியாகும், விரல் கனம் மண்ணுக்குப் பல நூறு வருஷம் ஆகும் என்றேன். நீ கொல்லையைக் காட்டி, "நான் ஏழு வருசத்துல பண்ணனே" என்றாய். நான் சிரித்தேன். தப்பு. நாம் குடிவந்தபோது இங்கே செங்கல் துண்டும் இறுகிப்போன செம்மண்ணும்தான். கல்லைப் பொடியாக்கும் வேலையை வெயிலும் மழையும் முன்னமே செய்து வைத்திருந்தன. மீதியை நீ செய்தாய். மீன் கழுவிய தண்ணீர், கீரைத்தண்டு, டீத்தூள், ஆட்டுப் புழுக்கை, தெருவில் கூட்டிய வேப்பிலை. கூப்பிடாமலே மண்புழு வந்தது, வழி துளைத்துக் காற்றையும் தண்ணீரையும் உள்ளே விட்டது. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் எல்லாவற்றையும் மக்கவைத்து வேருக்கு ஆகும்படி செய்தன. அப்படி நீ உண்டாக்கிய அரை அடி மண்ணின் மேல்தான் நாளை வெந்த மண்ணைக் கொட்டப்போகிறார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. தெருவே கன்னியம்மா அக்கா வீட்டு டிவியில் பாட்டுப் பார்க்கப் போய்விட்டது. நைனா வேலையிலிருந்து வரவில்லை. நான் மண்வெட்டியால் மேல்மண்ணைச் சீவி சிமெண்டுப் பைகளில் கட்டினேன். பாதிக் கொல்லைதான் முடிந்தது. அக்கா வேலி வழியாகப் பார்த்துவிட்டாள்.

"ஊரே பாட்டு பாத்துகினு கீது, நீ இன்னாடி பண்றே?"

சொன்னேன். பவுண்டரி மண் மேடு கீழே இருக்கட்டும், அம்மா மண் அதன் மேலே வரட்டும் என்று.

"நைனாகிட்ட சொன்ட்டியா?"

"இல்லக்கா."

"அப்போ மூட்டைய பாத்து கேட்டா இன்னா சொல்லுவே? புழுக்கு சட்ட தெச்சிக் குடுத்தேன்னா?" என்று சொல்லிக்கொண்டே இரண்டு மூட்டையைத் தூக்கிச் சுவரோரம் வைத்தாள்.

நைனா பாட்டெல்லாம் முடிந்து நன்றாக இருட்டிய பிறகு வந்தார். கொல்லைப் பக்கம் போகவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "டப்பா செடி எப்டி கீது?" என்றார். "நல்லா கீது நைனா" என்றேன். அம்மா, அதுதான் இப்போது என்னைத் தூங்கவிடவில்லை.

அடிப்பார் என்று பயமில்லை. அவர் என்னை அடித்ததே இல்லை. "அந்த மண் செத்துப்போன மண்" என்று சொன்னால் அவர் காதில் வேறு ஏதோ விழும். காப்பாற்றத் தெரியாதவன் இன்னொரு முறை தப்பு செய்தான் என்று விழும். அப்படியே உட்கார்ந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

இதுவரை எழுதிய பிறகு எனக்கே ஒன்று தெரிகிறது. மண்ணில் எனக்குச் சந்தேகம் இல்லை. டப்பா இரண்டும் பார்ப்பவர் யாருக்கும் பதில் சொல்லும். நான் பேசாமல் விட்டது வேறு ஒன்றை.

ஆகவே கேள். ஐந்தரைக்கு எழுப்பச் சொன்னார். நான் நாலரைக்கே எழுப்புவேன். எடுத்ததும் மண்ணைப் பற்றிப் பேச மாட்டேன். "தண்ணி உள்ள வந்தது உன் தப்பு இல்ல நைனா" என்பேன். நானோ வேறு யாருமோ அவரிடம் அதைச் சொன்னதே இல்லை. அழுதால் அழட்டும், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அப்புறம் இரண்டு டப்பாவையும் எதிரில் வைத்து, நேற்றுப் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்வேன். அப்புறம் மண்வெட்டியை அவர் கையில் கொடுப்பேன். அவர் வெட்ட, நான் அள்ள, மீதிப் பாதி வண்டி வருவதற்குள் முடிந்துவிடும். இது சத்தியம்.

நீ பெற்ற ஒரே மகள்,
வசந்தி