கேட்கத் தெரியாதவன் என்றார்கள் உன்னை

என் அனந்து, மாமா பெற்ற என் தோழனே,

கல்லூரியில் உனக்கு ஓர் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அதைப் பற்றி நம் ஊரான கரமனையில் ஆளுக்கொரு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். நடந்ததை நீ என்னிடமிருந்தே கேள். மற்றவர்களும் கேட்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

முதலில் நம் பெஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குத் தெரியாது. சரித்திர ஆசிரியர் இங்கிலீஷில் வேகமாகப் பேசுவார். ஒருவனால் எழுதி முடிக்க இயலாது. வாக்கியத்தின் முன்பாதி எனக்கு, பின்பாதி பக்கத்தில் இருக்கும் சுப்பனுக்கு என்று பங்கு வைத்திருந்தோம். மாலையில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து இரண்டையும் ஒட்டுவோம். ஒரு சொல்லும் சிந்தாது. "அந்த ஜன்னலைச் சாத்து" என்று அவர் சொன்னதைக்கூடச் சுப்பன் எழுதினான். நான் அதையும் மனப்பாடம் செய்தேன்.

நீ மட்டும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தபடி இருப்பாய்.

அந்தப் பரீட்சை நினைவிருக்கிறதா? யாரோ ஒரு பழைய அறிஞரின் கருத்தை அவர் நெடுநேரம் விவரித்தார், பிறகு தள்ளிவிடுவதற்காக. விவரித்ததையும் தள்ளியதையும் நாங்கள் ஒரே பக்தியோடு எழுதினோம். அவர் தள்ளிய கருத்தையே அவருடைய கருத்து என்று பெஞ்சு முழுவதும் ஒன்றுபோல விடை எழுதினோம். விடைத்தாள் வந்த அன்று நீ சிரித்த சிரிப்பில், ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மதிடா, எழுதினது போறும்," என்றாய். "அவர் என்ன சொல்றார்ங்கறது இருக்கட்டும். இப்போ இதை எதுக்குச் சொல்றார்? அதைக் கேளு."

"அது எப்படித் தெரியும்?"

"அவரே காட்டிக் குடுப்பார். 'நோ டௌட்'னு குரலை இழுத்தார்னா, குடுக்கற மாதிரி குடுத்து வாங்கப் போறாராக்கும். பின்னால ஒரு 'பட்' வரும், காத்திண்டிரு. கண்ணாடியைக் கழட்டினார்னா அது சொந்தச் சரக்கு. கதை சொன்னார்னா கதையை எழுதாதே. கதைக்கு முன்னால என்ன சொன்னார்னு பாரு."

"ஒண்ணும் எழுதாம எப்படிடா பாஸாறது?" என்றான் சுப்பன்.

"நீ எல்லாம் எழுதி என்ன பாஸானே?"

பிறகு அந்த நாள். குடியானவர்களின் வறுமைக்கு அவர்களுடைய சோம்பலே காரணம் என்று ஒரு வாதம். ஆசிரியர் மஞ்சளேறிய தாள்களைப் பார்த்து வாசித்துக்கொண்டே போனார். 'நோ டௌட்' வரவில்லை. கண்ணாடி கழலவில்லை. நீ எழுந்தாய். இதை நாங்கள் ஏற்க வேண்டும் என்று சொல்கிறீர்களா, மறுக்க வேண்டும் என்று சொல்கிறீர்களா? பணிவாகத்தான் கேட்டாய். நல்ல இங்கிலீஷில் கேட்டாய்.

அவர் தாளைப் பார்த்தார். அடுத்த தாளைப் புரட்டினார். அங்கேயும் விடை இல்லை. முகம் சிவந்தது.

"வெளியே போ."

புத்தகங்களை எடுக்கக் குனிந்தபோது என் காதில் சொன்னாய்: "அவருக்கே தெரியலடா. அவரும் எவர்கிட்டயோ உக்காந்து எழுதி எடுத்ததாக்கும்."

அதன்பின் அவர் வகுப்பில் உனக்கு இடமில்லை. வராந்தாவில், ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டாய். சாரல் அடித்தபோதும் நின்றாய். வெளியே நிற்பவனுக்கு ஆஜர் கிடையாது. ஆஜர் குறைந்தது என்று பரீட்சைக்கு விடவில்லை. வீட்டில் நீ வாய் திறக்கவில்லை. என்னையும் திறக்க விடவில்லை. பிள்ளை வகுப்புக்குப் போகாமல் ஊர் சுற்றிக் கெட்டான் என்று மாமா நம்பினார். அப்புறம் விஷக்காய்ச்சல்.

ஏன் சொல்ல விடவில்லை? உன் அப்பா அந்த மனிதர் முன் கைகூப்பி நிற்பார் என்றா?

கூட்டத்தன்று மாமா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கோயில் வேலையை முடித்து, வெளுத்த வேஷ்டி கட்டி வந்திருந்தார். இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாது. ஆசிரியர் எழுந்தார்.

நீ கூர்மையான பையன், நோ டௌட். குரல் இழுபட்டது. நான் காத்திருந்தேன். 'பட்' வந்தது. கேட்கும் பொறுமை உனக்கு இல்லையாம். கேட்கத் தெரிந்திருந்தால் எவ்வளவோ உயர்ந்திருப்பாயாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அவர் பேசி நான் கேட்டவற்றில் அந்தப் பேச்சுக்குத்தான் தெளிவான நோக்கம் இருந்தது, அனந்து. பரீட்சைக்கு வெளியே உன்னை நிறுத்தியது அவர் கை இல்லை, உன் காது என்று பதிவு செய்வது. நீ எழுந்து கேட்க மாட்டாய் என்ற தைரியம்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். "நன்னாச் சொன்னார், இல்லையாடா? முடிஞ்சதும் போய் ஒரு நமஸ்காரம் சொல்லிடறேன்."

நன்றியுரை என்னுடையது. வழக்கப்படி இங்கிலீஷில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மேடை ஏறினேன். தமிழில் பேசினேன்.

"எந்தா இது? இங்கிலீஷ், இங்கிலீஷ்!" பின்வரிசையிலிருந்து ஒரு மலையாளக் குரல்.

"முன்னால் உட்கார்ந்திருக்கும் அவனுடைய தகப்பனாருக்கு இங்கிலீஷ் தெரியாது," என்றேன். "அனந்துவுக்குக் கேட்கும் பொறுமை இல்லை என்று ஆசிரியர் சொன்னார். நாங்கள் எல்லாம் எழுதினோம். கேட்டவன் அவன் ஒருவன்தான். சொல்வதை எதற்காகச் சொல்கிறீர்கள் என்று கேட்டான். அதற்காக வெளியே அனுப்பப்பட்டான். வெளியே நின்றும் கேட்டான். அவன் வராமல் இருக்கவில்லை. அவனை உள்ளே விடவில்லை."

நன்றி சொல்லவில்லை. இறங்கிவிட்டேன். மாமா எழுந்து என்னோடு வெளியே வந்தார். நமஸ்காரம் சொல்லப் போகவில்லை.

வீட்டுக்கு நடக்கும் வழியில், தம்பானூர் தாண்டியதும் மாமா கேட்டார்.

"அப்போ அவன் சுத்தலையா?"

"இல்லே மாமா. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னுண்டிருந்தான்."

"மழையிலயா?"

"மழையிலயும்."

"நான் அவனை என்னெல்லாம் பேசினேன்டா…" மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டு ஒரு கடைத்தூணில் சாய்ந்தார். அவரை அப்படியே விட்டு நின்றேன். வேறு என்ன செய்ய?

மறுநாள் பியூன் வந்தான். ஆசிரியரை அவமதித்ததற்காக எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இங்கிலீஷில். இல்லாவிட்டால் நன்னடத்தைச் சான்று கிடையாது. அது இல்லாமல் சர்க்கார் உத்தியோகம் இல்லை.

அம்மா அழுதாள். "ரெண்டு வரிதானேடா, எழுதிக் குடுத்துட்டு வா. போனவனுக்கு இனிமே என்ன?"

மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா அவரை உசுப்பினாள்: "நீ சொல்லேன் அண்ணா, நீ சொன்னாக் கேப்பான்."

"உனக்கு ஒரே பிள்ளை. எழுதச் சொல்றது நியாயம்தான்," என்றார் மாமா. பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா, எழுதிக் குடுத்தா அவன் கேக்கலைன்னு ஆயிடுமேடா?"

எழுத மாட்டேன், அனந்து. கல்லூரிக்கு நாளை போய் அதை நேரில் சொல்லிவிட்டு வருவேன். சான்றிதழ் அவர்களிடமே இருக்கட்டும். கிழக்கேகோட்டைத் துணிக்கடையில் கணக்கெழுத ஆள் தேடுகிறார்கள். அங்கே நடத்தைக்குச் சான்று கேட்பதில்லை. அந்தக் கூடத்தில் உன்னைப் பற்றி அவர் சொன்னது கடைசிச் சொல்லாக நிற்காது. இன்னொரு மேடையில் சொன்னால், அங்கேயும் ஏறுவேன். அவருக்குப் பின் வேறொருவர் சொன்னால், அவர் முன்பும் ஏறுவேன்.

உன் அத்தை பிள்ளை,
நாணு